வடக்குக் கடைசியில் ஒன்றாம் நம்பர்

பொன்னேரியில் கம்பெனி பஸ் கிளம்புவதற்கு ஒரு நேரம் உண்டு. அது முன்கண்ணாடியில் தாளில் அடித்து ஒட்டப்பட்டிருக்கிறது. தாயாரம்மாளுக்கு வேறொரு நேரம் உண்டு. அது எங்கும் எழுதப்படவில்லை. பஸ் கிளம்புவது இரண்டாவது நேரத்துக்குத்தான்.

தாயாரம்மாள் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரி. கணவர் ஏழுமலை விடியலில் ஏரியிலிருந்து இறாலோடு கரையேறுவார். அதை ஏலத்தில் விட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்து, குளித்து, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு பொன்னேரி வந்து சேர்வதற்குள் ஒட்டிய நேரம் கடந்துவிடும். ஆனால் தினமும் ஒரே அளவுதான் கடக்கும். மழையானாலும் பண்டிகையானாலும் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆகவே மற்றவர்கள் தங்கள் காலையைத் தாயாரம்மாளின் தாமதத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்கள். ஹேமாவதி அந்த இடைவெளியில் பையனுக்குத் தலை வாரி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவாள். இன்னும் இரண்டு பேர் நாஷ்டாவை அந்த நேரத்தில்தான் முடிப்பார்கள்.

"இன்னாக்கா, உனக்கு மட்டும் பஸ்ஸா?" என்று டிரைவர் ராஜவேலு தினம் ஒருமுறை கேட்பார். கேட்காவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்பதுபோல.

"உனக்கு இன்னா அவசரம்? போய் அங்க தூங்கத்தானே போற? இங்கியே தூங்கு."

பஸ் போய்ச் சேருமிடம் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்கும் பிஸ்கட் குடோன் ஒன்றுக்கும் நடுவில் இவர்கள் கம்பெனி இருக்கிறது. வெளியே காற்றில் இரும்புத் தூள் பறக்கும். உள்ளே ஒரு தூசு புகக் கூடாது என்று இரட்டைக் கதவு போட்டு, தலைக்கு உறை மாட்டச் சொல்வார்கள். ஊரிலேயே அழுக்கான தெருவில் ஊரிலேயே சுத்தமான அறை. அந்த அறையில் தயாரிக்கும் பொருள் தாமதம்.

தாமதத்தை நாம் எல்லோரும் இலவசமாகவே தயாரித்து வருகிறோம். அதைக் காசு கொடுத்து, அளவு சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆன்டெனா செய்கிறவர்கள் அவர்கள். பழைய ஆன்டெனா கிண்ணம்போல இருக்கும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் மோட்டார் போட்டுத் திருப்ப வேண்டும். புதிய வகை ஒரு தட்டைப் பலகை. அது அசையாது. அதன் முகத்தில் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அலையை விட்டால் கதிர் நேராகப் போகும். ஒன்றுக்கு அடுத்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி விட்டால் கதிர் ஒரு பக்கம் சாயும். தெரு முனையில் சாமி திரும்பும்போது பார்க்கலாம்: திரும்பும் பக்கத்தில் தோள் கொடுத்தவர்கள் நடையைக் குறைப்பார்கள், மறுபக்கத்தினர் எட்டி வைப்பார்கள், பல்லக்கு மெதுவாக நடப்பவர்கள் பக்கம் திரும்பும். ஆன்டெனாவிலும் அதுதான் சட்டம். யார் தாமதமோ அவர்கள் பக்கம்தான் கதிர் சாயும். பொன்னேரி பஸ்ஸும் இந்தச் சட்டத்தின்படியே ஓடியது, ராஜவேலுவுக்கு அது தெரியாது என்றாலும்.

அந்தத் தாமதத்தை உண்டாக்கக் கம்பெனியில் கண்ணாடி இழை வைத்திருந்தார்கள். சமிக்ஞையை ஒளியில் ஏற்றி இழைக்குள் அனுப்புவார்கள். ஒரு மீட்டர் இழையைக் கடக்க ஒளிக்கு ஐந்து நானோ செகண்ட் ஆகும். எவ்வளவு பிந்த வேண்டுமோ அவ்வளவு நீளம் இழையைச் சுருட்டி வைத்தால் போதும். எந்தச் சுருள் வழியாகப் போவது என்பதைக் குட்டி சுவிட்சுகள் பார்த்துக்கொள்ளும். வேறு வழியும் உண்டு, அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் நகர்த்துவது. அதில் ஒரு அலைவரிசை சொன்ன பக்கம் பார்க்கும், பக்கத்து அலைவரிசை வேறெங்கோ பார்க்கும். இழைத் தாமதத்தில் எல்லா அலைவரிசையும் ஒரே பக்கம் பார்க்கும். இதற்காகத்தான் இவ்வளவு பாடு.

இழையை அளந்து வெட்டி ஒட்டுவது தாயாரம்மாளின் வேலை. மேல்தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நறுக்கி, இரண்டு நுனிகளை மெஷினில் எதிரெதிரே வைப்பாள். ஒரு தீப்பொறி அடிக்கும். இரண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் திரையில்கூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். வெட்டிய துணுக்கு விரலில் ஏறினால் லேசில் வராது. மற்றவர்கள் லென்ஸும் இடுக்கியுமாக அலைவார்கள். தாயாரம்மாள் மீன் முள் எடுப்பதுபோல எடுத்துவிட்டு, "இதுக்குப் போயி இன்னா கத்துக் கத்தற" என்பாள்.

இவ்வளவு இருந்தும் அவள் பர்மனென்ட் இல்லை. கான்ட்ராக்ட். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள், பிறகு புதிதாகச் சேர்ப்பார்கள். புதிதாகச் சேர்வதற்கு இன்டர்வியூ உண்டு. அவளே வேலை கற்றுக்கொடுத்த பிள்ளைகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சொல்பவளுக்கு வராது. கான்ட்ராக்ட் ஆட்களின் அடையாள அட்டை மஞ்சள் நாடாவில் தொங்கும், பர்மனென்ட் ஆட்களுடையது நீல நாடாவில். தாயாரம்மாளுக்கு வேண்டியது அந்த நீல நாடா. இனி ஒரு பயல் தன்னிடம் முன் அனுபவம் கேட்கக் கூடாது.

மேனேஜர் பரணிதரன் ஒரு வழி சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. தினமும் திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வருகிறவர் கெட்டவராக இருக்க நேரம் ஏது?

"தாயாரம்மா, அந்தச் சென்னைப் பார்ட்டி ஆர்டர் வரட்டும். வந்தா உன் பேரை நானே போடறேன். ஜாயின்ட்ல ஒரு குறை சொல்லிட்டாங்கன்னா மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"என் ஜாயின்ட்ல குறையா? நீ ஆர்டர இட்டுக்கினு வா சார்."

இழைச் சுருள்களையும் சுவிட்சுகளையும் அடக்கிய அந்த ஆர்டருக்கான பெட்டியை வடிவமைத்தது இன்ஜினியர் ஃபயாஸ். பழவேற்காட்டில் இறால் வியாபாரக் குடும்பத்துப் பையன். அவன் அப்பா அசன் முகைதீனும் ஏழுமலையும் கரையில் விலைக்காகத் தினமும் சண்டை போடும் பழைய சிநேகிதர்கள். ஃபயாஸும் தாயாரம்மாளும் ஒரே கரையில் வளர்ந்தவர்கள் என்பதால் பேச்சில் ஒரு சௌகரியம் இருந்தது. இருவருமே இடது வலது சொல்ல மாட்டார்கள். ஏரியில் படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் இடது மாறிவிடும், வடக்கு மாறாது. ஆகவே அந்தக் கரையில் சோற்றுக்குண்டானுக்குத் தெற்கே உப்பு இருக்கும், கட்டிலுக்கு வடக்கே செருப்பு இருக்கும்.

"தம்பி, வடக்கு கன்னத்துல சோறு ஒட்டிக்கினு கீது, தொட."

ஃபயாஸ் சரியான கன்னத்தைத் துடைப்பான். பக்கத்தில் சாப்பிடும் ஹேமாவதி ஏரிக்கரை அறியாத மாம்பாக்கத்துக்காரி, இதைப் பார்க்கும்போதெல்லாம் தன் இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொள்வாள்.

பெட்டி தயாரானது. கம்பெனி ஷெட்டில் சோதனைக்கான ஆன்டெனாப் பலகை பெரிய ஷட்டர் கதவைப் பார்த்து, அதாவது கிழக்கே பார்த்து நின்றது. பலகைக்குப் பின்னால் நின்றால் இடது கோடி வடக்கு. வரைபடத்தில் ஒன்றாம் நம்பர் இழை இடது கோடிக்கு என்று இருந்தது. ஃபயாஸ், "ஒண்ணாம் நம்பர் வடக்குக் கடைசிக்கா" என்றான். தாயாரம்மாள் மாட்டினாள். ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எல்லாம் சரி.

பிறகு பலகையைக் கழற்றிப் பெயின்ட் அடிக்க அனுப்பினார்கள். பார்ட்டி வந்து பார்க்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது பரணிதரனின் விருப்பம். பளிச்சென்றுதான் திரும்பியது. ஆன்டெனாக்களின் பின்னால் எழுதியிருந்த நம்பர்களெல்லாம் பெயின்டுக்குள் போய்விட்டன. இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒன்றுபோல இருந்தன. யாரும் கவலைப்படவில்லை. ஃபயாஸுக்குத் தெரியும், தாயாரம்மாளுக்குத் தெரியும், அதற்கு மேல் என்ன வேண்டும்?

சோதனை மொட்டை மாடியில். கதிரைப் பிடிக்கும் சின்ன ஆன்டெனாவை ஒரு தள்ளுவண்டியில் வைத்து எதிர் மாடியில் நிறுத்த வேண்டும். மேற்கே இருந்த பிஸ்கட் குடோன்காரர்கள்தான் மாடியைக் கொடுத்தார்கள். எனவே பலகை மேற்கே பார்த்து நின்றது. தள்ளுவண்டியைத் தள்ள ராஜவேலுவை அனுப்பினார்கள்.

"ஒண்ணாம் நம்பர் வடக்குக் கடைசிதானே தம்பி?"

"ஆமாக்கா, வடக்குக் கடைசி."

ஒருவர் சொன்னது மற்றவருக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்த உரையாடல் அந்தக் கம்பெனியில் அதற்கு முன் நடந்ததில்லை. தாயாரம்மாள் நுனிகளைத் துடைத்து, வடக்கிலிருந்து தெற்காக மாட்டி முடித்தாள்.

பார்ட்டியின் சார்பில் வந்தவர் வினோதா. நரைத்த தலை, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, குறைந்த பேச்சு. லேப்டாப் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. எதிர் மாடி ஆன்டெனாவில் கதிர் விழுந்தால் கோடு எழும்.

"முதல்ல நேரா."

ஃபயாஸ் ஒரு பட்டனைத் தட்டினான். கோடு குபீரென்று எழுந்தது. பரணிதரன் கைதட்டினார். வினோதா தட்டவில்லை.

"இப்ப இடது பக்கம் இருபது டிகிரி."

ராஜவேலுவிடம் போனில் சொல்ல, எதிர் மாடியில் அவர் வண்டியை இவர்கள் பார்வைக்கு இடது கோடியாக இருந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். ஃபயாஸ் கதிரைத் திருப்பினான். கோடு படுத்தது. இன்னொருமுறை தட்டினான். கோடு படுத்தே இருந்தது.

பரணிதரன் தாயாரம்மாளைப் பார்த்தார்.

"ஜாயின்ட் ஏதோ போயிருக்கு. தூக்கிட்டு வரும்போது ஆடியிருக்கும்."

"என் ஜாயின்ட்டு போவாது சார்."

"அப்போ ஏன் வரல? பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பார்ப்போம்."

"தொறப்பியா? தொறந்து அறுத்துப் பாப்பியா? அறுத்தா பேஜாரு சார், திரும்ப ஒட்ட ரெண்டு நாளாவும். அந்தம்மா காத்துக்கினு இருப்பாங்களா?" தாயாரம்மாள் பெட்டியின் முன்னால் வந்து நின்றுகொண்டாள். கழுத்தில் மஞ்சள் நாடா காற்றில் ஆடியது. பெட்டி திறந்தால் குறை ஜாயின்டில் என்று ஆகிவிடும், ஆகிவிட்டால் நீல நாடா இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஃபயாஸ் வியர்வையோடு மறுபடி மறுபடி பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது கோடு எழுந்தது. கொஞ்சநஞ்சமில்லை, உச்சி வரைக்கும்.

"வந்துடுச்சு!" என்று பரணிதரன் கத்தினார்.

"யார் என்ன பண்ணினீங்க?" என்று வினோதா கேட்டார்.

யாரும் ஒன்றும் பண்ணவில்லை. எதிர் மாடியைப் பார்த்தார்கள். இடது கோடியில் வண்டி இல்லை. போன் போட்டார்கள்.

"ராஜவேலு, எங்க இருக்கே?"

"இங்கதான் சார், வாட்டர் டேங்க் நெழல்ல. அங்க வெய்யிலு தாங்கல சார், மண்ட காயுது. வண்டியயும் இட்டுக்கினு வண்ட்டேன். தப்பா?"

வாட்டர் டேங்க் வலது கோடியில் இருந்தது.

வினோதா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது பக்கம் இருபது டிகிரி திருப்பச் சொன்னார், ராஜவேலுவை மறுபடி இடது கோடி வெயிலுக்கு அனுப்பினார். கோடு எழுந்தது. ராஜவேலுவின் முனகல் போனில் கேட்டது. இடது சொன்னால் வலது போகிறது, வலது சொன்னால் இடது போகிறது. அளவில் மட்டும் ஒரு பிழை இல்லை. இவ்வளவு துல்லியமாகத் தப்பு செய்வது எளிதல்ல.

"ஜாயின்ட்ல ஒண்ணுமில்ல" என்றார் வினோதா. "வரிசை மாறியிருக்கு. நேரா பாக்கும்போது யாருக்கும் தாமதம் கிடையாது, அதனால தெரியல. ஒண்ணாம் நம்பரை எங்க மாட்டினீங்க?"

"வடக்குக் கடைசியில மேடம்" என்றான் ஃபயாஸ்.

"வடக்குக் கடைசியில" என்றாள் தாயாரம்மாள். இருவர் கையும் ஒரே கோடியைக் காட்டின. அது வடக்கேதான் இருந்தது.

வினோதா வரைபடத்தை எடுத்து விரித்தார். திருப்பிப் பார்த்தார். "இதுல வடக்கு எங்க இருக்கு?"

ஃபயாஸ் வரைபடத்தைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், ஷெட் இருக்கும் பக்கத்தைப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "யக்கா, கீழ அது கெழக்க பாத்துக்கினு இருந்துச்சு, இங்க மேக்க பாக்குது."

தாயாரம்மாளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் மாட்டினது?" என்றார் பரணிதரன், கேட்க வேண்டியது தன் கடமை என்பதால்.

"நான்தான்" என்றாள் அவள்.

"நான் சொன்னேன் சார், அக்கா மாட்டுனாங்க" என்றான் அவன்.

"நீ சொன்னது சரி தம்பி, அது வடக்குதான்."

"நீ மாட்டுனதும் சரிதான்க்கா."

"ரெண்டு பேரும் சரி, ஆன்டெனாதான் தப்பா?" என்றார் பரணிதரன்.

ஃபயாஸ் எழுந்து, லேப்டாப்பில் ஒரு மைனஸ் குறி போட்டால் கண்ணிமைப்பதற்குள் சரியாகிவிடும் என்றான். வினோதா சம்மதிக்கவில்லை. "உங்க லேப்டாப்பையும் சேர்த்தா நான் வாங்கப் போறேன்? மைனஸ் இல்லாம காட்டுங்க." எல்லா நுனியையும் கழற்றித் துடைத்து மாட்டப் பிற்பகல் முழுவதும் ஆகும். அவருக்கோ சாயங்காலம் வேறொரு கூட்டம்.

இந்த இடத்தில் பரணிதரன் பேசினார். தினமும் இரண்டு ரயில் ஏறுகிற மனிதர் அவர். காலையில் முன்னால் வந்த பெட்டி சாயங்காலம் பின்னால் போகும், ரயிலை யாரும் திருப்புவதில்லை, நாம்தான் நடக்க வேண்டும் என்பதை வாழ்நாள் முழுவதும் பிளாட்பாரத்தில் ஓடிக் கற்றவர்.

"கோடி மாத்தணும், அவ்வளவுதானே? பலகையைத் தலைகீழாக் கவுத்து மாட்டுங்க. நுனியை ஏன் கழட்டணும்? இந்தக் கோடி அந்தப் பக்கம் போயிடும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வினோதா கொஞ்சம் யோசித்தார். அலை மேலும் கீழுமாகத்தான் ஆடுகிறது, பலகை தலைகீழானாலும் அது மாறாது. "செய்ங்க" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

நான்கு போல்ட்டைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பளபளக்கும் புதுப் பெயின்ட் பலகையைத் தலைகீழாக மாட்டினார்கள். தாயாரம்மாள் இழைக் கொத்தைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு கூடவே சுழன்றாள். இடது என்றால் இடது போயிற்று. வலது என்றால் வலது போயிற்று. அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், கதிர் சொன்ன இடத்தை விட்டு நகரவில்லை. ராஜவேலு அன்று வெயிலில் அலைந்த அலைச்சலைப் பிறகு பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நிழலுக்கு ஒதுங்கியதுதான் கம்பெனியைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்து.

கிளம்பும்போது வினோதா தாயாரம்மாளிடம் வந்தார். "எல்லாச் சுருளோட அளவும் பார்த்தேன். ஒட்டினது நீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க கம்பெனிக்கு வர்ற பெட்டியெல்லாம் இவங்கதான் ஒட்டணும்" என்று பரணிதரனிடம் சொன்னார். "வடக்கு தெக்கு மட்டும் வேண்டாம்."

ஆர்டர் வந்தது. வரைபடத்தில் பலகை பார்க்கும் பக்கத்தைக் காட்டும் ஒரு அம்புக்குறி வந்தது. பெயின்ட் கடைக்குப் போகும் பலகைகளில் நம்பர்களைப் பொறித்தே அனுப்பினார்கள். பர்மனென்ட் ஆக்குவதற்கும் ஒரு இன்டர்வியூ உண்டு என்று பரணிதரன் வருத்தத்தோடு சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் ஃபயாஸும் உட்கார்ந்தார்கள்.

"முன் அனுபவம்..." என்று ஃபயாஸ் ஆரம்பித்தான்.

"ஒதைப்பேன் தம்பி."

"சரிக்கா, அடுத்த கேள்வி. உங்க குறை என்ன?"

"லேட்டா வருவேன்."

"எவ்வளவு லேட்?" என்றார் பரணிதரன்.

"தெனம் ஒரே அளவு சார். கூடாது, கொறையாது."

ஃபயாஸ் மேனேஜரைப் பார்த்தான். "சார், நாம விக்கிறதே அதத்தானே?"

நீல நாடா கிடைத்தது. பர்மனென்ட் ஆனவள் இனி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தாயாரம்மாள் தானாகவே முடிவு செய்தாள். மறுநாள் இறால் ஏலத்தை ஏழுமலையிடமே விட்டாள். அவர் விலை குறைத்து விட்டுவிடுவார் என்று தெரிந்தும் விட்டாள். கண்ணாடியில் ஒட்டிய நேரத்துக்கு முன்பே பொன்னேரியில் வந்து நின்றாள்.

ராஜவேலு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவளைப் பார்த்து பயந்துபோனார்.

"இன்னாக்கா, ஊட்ல ஏதாவது பிரச்சனையா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"எட்றா வண்டிய. டைமாவுது."

தாயாரம்மாள் ஏறியாயிற்று என்றால் பஸ் கிளம்பலாம் என்பதுதான் அவருக்குப் பழக்கமான விதி. அவர் கிளம்பினார். நாலைந்து சீட்டுகள் காலியாக இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

கவரைப்பேட்டை தாண்டும்போது போன் அடித்தது. ஹேமாவதி. பின்னால் ஸ்கூல் வேனின் ஹாரனும், நாஷ்டாவைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர்களின் கூச்சலும் கேட்டன.

"யக்கா! எங்க கீற நீ? பஸ்ஸு எங்க? நாங்க நாலு பேரு நடுரோட்டுல நின்னுக்கினு கீறோம்!"

"நான் இன்னிக்கு டைமுக்கு வண்ட்டேன்டி."

"உன்ன யாரு டைமுக்கு வரச் சொன்னது? உன்ன நம்பித்தானே நாங்க கெளம்பறோம்? நாளைக்கு ஒழுங்கா லேட்டா வாக்கா!"